லண்டன் உணவகத்தில் டிப்ஸ் பங்கீடு: கிச்சன் ஆட்களும் சரிபார்க்கக்கூடிய கணக்கு வைப்பது எப்படி?

கல்லாமேசை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்ட் ஹாம் பக்கம் 60 பேர் இருந்து சாப்பிடக்கூடிய கடை. மேற்பார்வைக்கு ஒருவர், வெயிட்டர் 4 பேர், சமையல் 3 பேர், கே.பி. (பாத்திரம் கழுவும் கிச்சன் உதவியாளர்) 2 பேர், ஆக மொத்தம் 10 பேர். பில்லில் 12.5% சர்வீஸ் சார்ஜ் விழும். விரும்பினால் மட்டும் தரலாம் என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது.

இப்போதைய நடைமுறை இதுதான். கிழமை (வாரம்) முடிய, பேங்குக்கு வந்த டிப்ஸ் காசிலிருந்து கார்ட் மெஷின் கமிஷன் 1.5%, உடைந்த தட்டு, கிளாஸ் செலவு இரண்டையும் கழிப்பார்கள். மிச்சத்தை உரிமையாளர் பிரித்து, திங்கட்கிழமை ஆளுக்கொரு கவரில் காசாகக் கொடுப்பார். கவருக்குள் எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று எங்கும் எழுதப்படுவதில்லை. கிச்சன் ஆக்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை. வெயிட்டர்மாருக்கும் முழு நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை.

நான் மானேஜர் பொறுப்பில் இருந்து இதைச் சரியாக எழுதிவைக்கப் பார்க்கிறேன். நான்கு விஷயம் விளங்க வேண்டும். இந்தக் கழிவுகள் சட்டப்படி செல்லுமா? கிச்சனுக்கும் ஹோலுக்கும் (பரிமாறும் கூடத்துக்கும்) எந்தக் கணக்கில் பிரிப்பது? எல்லாருடைய தொகையையும் எல்லாருக்கும் காட்ட வேண்டுமா? ஹாரோவில் உள்ள எங்கள் இரண்டாவது கடையின் டிப்ஸை இதோடு ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கலாமா?

---

பேரேடு எழுதியது:

வணக்கம். முதலில் கழிவுகள். இரண்டுமே செல்லாது. டிப்ஸ் பங்கீட்டுக்கென 2023இல் இயற்றிய சட்டம், 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் நடப்பில் இருக்கிறது. கடை வழியாக வரும் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் 100% தொழிலாளருக்கே போக வேண்டும். வருமான வரி, தொழிலாளியின் நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசுச் சமூகக் காப்பீட்டுப் பிடித்தம்) போல சட்டம் சொல்லும் பிடித்தம் மட்டும்தான் அதில் கை வைக்கலாம். கார்ட் கமிஷன் கடையின் செலவு. உடைந்த கிளாஸும் கடையின் செலவு. டிப்ஸைக் காட்டி மணிச் சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் டிப்ஸைச் சேர்ப்பது 2009 அக்டோபர் 1 அன்றே நிறுத்தப்பட்டுவிட்டது. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு என்றால், அது டிப்ஸ் இல்லாமலேயே நிற்க வேண்டிய தொகை.

உரிமையாளர் தனி ஆளாகவோ கூட்டாளியாகவோ கடை நடத்தினால் அவர் 'தொழிலாளர்' ஆகமாட்டார். வெள்ளிக்கிழமை இரவு முழுக்க அவரே சாப்பாடு பரிமாறியிருந்தாலும் பானையில் (பிரிக்க வேண்டிய மொத்த டிப்ஸில்) அவருக்குப் பங்கில்லை.

இனி உங்கள் கணக்கு ஏன் யாருக்கும் புரியாமல் போகிறது என்பதற்கு வருகிறேன். பேங்குக்கு வந்த தொகையிலிருந்து தொடங்குவதுதான் மூலப் பிழை. பேங்குக்கு வருவது கமிஷன் போன பிறகு வரும் தொகை. அதுவும் ஓரிரு நாள் தள்ளி வரும். சனி, ஞாயிறு வியாபாரம் அடுத்த கிழமைக் கணக்கில் விழும். டில்லின் (கல்லா இயந்திரத்தின்) நாள் முடிவுக் கணக்குச் சீட்டான இசட் ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் சர்வீஸ் சார்ஜ் ஒரு வரி, கார்டில் கூடுதலாகப் போட்ட டிப்ஸ் ஒரு வரி, நீக்கிய சர்வீஸ் சார்ஜ் ஒரு வரி என மூன்றும் தனித்தனியாக வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சந்தேகம் பிறக்கிற இடம் அதுதான். ஒரு கிழமை ஹோல் விற்பனை 9,600 பவுண்டு என்று வையுங்கள். 12.5% என்றால் 1,200 வர வேண்டும். வந்தது 1,060. மிச்சம் 140 எங்கே? 1,120 பவுண்டு பில்களில் வாடிக்கையாளர் சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடச் சொன்னார் என்பதுதான் பதில். அந்த வரி ரிப்போர்ட்டில் இல்லையென்றால், விற்பனையை மனக்கணக்குப் போட்டுப் பார்க்கும் வெயிட்டருக்கு 140 பவுண்டு காணாமல் போனதாகத்தான் தெரியும். சர்வீஸ் சார்ஜை நீக்கும் உரிமையை டில்லில் மேற்பார்வையாளரின் ரகசிய எண்ணுக்கு மட்டும் கொடுத்து, காரணத்தைப் பதிய வையுங்கள். பணம் கட்டி முடித்த பில்லைத் திறந்து நீக்குவதை அடியோடு பூட்டிவிடுங்கள்.

அடுத்தது பிரிக்கும் முறை. மணி × புள்ளி. அதைவிட எளிதாகச் சரிபார்க்கக்கூடிய முறை எதுவும் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வேலைக்கும் மணிக்கு இத்தனை புள்ளி என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். மேற்பார்வையாளர் 1.2, வெயிட்டர் 1, சமையல் 0.8, கே.பி. 0.6 என்று வைத்துப் பார்ப்போம்.

மேற்பார்வையாளர் 45 மணி, 54 புள்ளி.
வெயிட்டர் நால்வர் 40, 40, 24, 16 மணி. மொத்தம் 120 புள்ளி.
சமையல் மூவர், ஆளுக்கு 45 மணி. 135 மணிக்கு 108 புள்ளி.
கே.பி. இருவர், ஆளுக்கு 30 மணி. 60 மணிக்கு 36 புள்ளி.

கூட்டினால் 318 புள்ளி. பானையில் சர்வீஸ் சார்ஜ் 1,060, கார்ட் டிப்ஸ் 212, ஆக 1,272 பவுண்டு. ஒரு புள்ளியின் மதிப்பு 4.00 பவுண்டு. 40 மணி வெயிட்டருக்கு 160, 16 மணி வெயிட்டருக்கு 64, மேற்பார்வையாளருக்கு 216, சமையல்காரருக்கு ஆளுக்கு 144, கே.பி.க்கு ஆளுக்கு 72.

யார் எவ்வளவு வாங்கினார் என்று பெயர் போட்டு ஒட்டத் தேவையில்லை. பானையின் மொத்தம், மொத்தப் புள்ளி, ஒரு புள்ளியின் மதிப்பு என்ற மூன்று எண்களை மட்டும் ஒட்டுங்கள். தன் மணியும் தன் புள்ளியும் ஒவ்வொருவருக்கும் தெரியும். போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தால் தன் தொகை சரியா என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். இன்னொருவர் சம்பளத்தைத் தெரிந்துகொள்ளாமலே தன் பங்கைச் சரிபார்க்க இது போதும். பங்கீட்டில் வெளிப்படை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஹாரோ கடையை இதோடு சேர்க்காதீர்கள். எந்தக் கடையில் வந்த டிப்ஸோ அது அந்தக் கடையில் வேலை செய்தவர்களுக்கே. இரண்டு இடத்திலும் மாறி மாறி வேலை செய்பவருக்கு ஒவ்வொரு இடத்து மணியையும் அந்தந்த இடத்துப் பானையில் போடுங்கள்.

திங்கட்கிழமைக் கவர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்டில் வந்த டிப்ஸைக் கடையே பிரித்துக் கொடுத்தால் அது சம்பளப் பட்டியல் வழியாக, வரி பிடித்து, பே ஸ்லிப்பில் தனி வரியாக வர வேண்டும். கவரில் காசாகக் கொடுத்துவிட்டு எங்கும் பதியாமல் இருப்பது பின்னால் கடைக்கும் ஆளுக்கும் சேர்த்தே வினையாகும். கொடுக்க வேண்டிய கெடு, வாடிக்கையாளர் தந்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசி நாள். அக்டோபர் 3 அன்று வந்த டிப்ஸ் நவம்பர் 30க்குள் கையில் சேர வேண்டும்.

---

அடுப்படி எழுதியது:

பேரேடு சார் சொன்ன முறை சரி. கே.பி.க்கு 0.6 என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பல கடைகளில் யோசிக்காமல் போடுகிற எண் அது. பாத்திரம் கழுவுபவர் ஒரு நாள் வரவில்லை என்றால் இரவு 8 மணிக்கு சாம்பார் கிண்ணம் தீர்ந்துபோய் மொத்த ஹோலும் நிற்கும்.

அதை 0.8 ஆக்கினால் யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று அதே எண்களிலேயே பாருங்கள். கே.பி. இருவருக்கும் 48 புள்ளி, மொத்தம் 330. ஒரு புள்ளி 3.85 பவுண்டுக்குச் சற்று மேல். கே.பி. ஒருவருக்கு 72க்குப் பதில் 92.51 கிடைக்கும். 40 மணி வெயிட்டருக்கு 160 என்பது 154.18 ஆகும். 5.82 பவுண்டு குறைகிறது, அவ்வளவுதான். எண்களை மேசையில் வைத்துப் பேசினால் வெயிட்டர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். எண் தெரியாதபோதுதான் "கிச்சனுக்குக் கொடுத்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது" என்ற பேச்சு வரும்.

எந்த எண் வைத்தாலும் காரணத்தைக் கூடவே எழுதுங்கள். அரசு வெளியிட்ட நடைமுறைக் கோவை வேலையின் தன்மை, அடிப்படைச் சம்பளம், பொறுப்பு, அனுபவ காலம், வேலைத் திறன், வாடிக்கையாளர் யாரை நினைத்துத் தந்தார் என்பதையெல்லாம் அளவுகோலாகச் சொல்கிறது. எல்லாருக்கும் சமமாகத் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. வேறுபாடு இருந்தால் நியாயமான காரணம் இருக்க வேண்டும். தலைமைச் சமையல்காரருக்கு அடிப்படைச் சம்பளம் ஏற்கெனவே அதிகம், அதனால் 0.8 என்பது காரணம். "அவர் உள்ளே இருக்கிறார், வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதில்லை" என்பது மட்டும் காரணமாக நிற்காது.

மணிக்கணக்கில் நடக்கிற தவறுகள் புள்ளியில் நடப்பதைவிட அதிகம். மாவு அரைக்க, வெங்காயம் வெட்ட, சட்னிக்கு வறுக்க என்று காலை 9 மணிக்கே வந்துவிடுகிறவர்கள் உண்டு. ஹோல் 12 மணிக்குத்தான் திறக்கும். "டிப்ஸ் வருகிற நேரத்தின் மணி மட்டும்" என்று கணக்குப் போட்டால் அந்த 3 மணி காணாமல் போகும். ஒரு நாளைக்கு 3 என்றால் 5 நாளுக்கு 15 மணி, 0.8 வீதம் 12 புள்ளி. பேரேடு சார் போட்ட 4 பவுண்டுக் கணக்கில் கிழமைக்கு 48 பவுண்டு. கடை மூடிய பிறகு அடுப்பு தேய்க்கிற முக்கால் மணி நேரமும் இதே கதிதான். சம்பளம் கொடுக்கிற எல்லா மணியும் டிப்ஸ் மணி என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

ரோட்டாவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரோட்டாவில் இருப்பது திட்டமிட்ட மணி. உண்மையில் வேலை செய்த மணி பஞ்ச் அடித்த கணக்கில்தான் இருக்கும். ஒருவர் மணியை இன்னொருவர் பெயரில் எழுதுகிற பழக்கம் எங்காவது இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். வேலை மணிக்கு வரம்புள்ள மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது பெரிய ஆபத்து. டிப்ஸ் கணக்கும் அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும்.

ஏஜென்சி மூலம் வார இறுதிக்கு மட்டும் வருகிற கே.பி.யும் பங்குக்கு உரியவர். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளிலிருந்து மணி ஓட வேண்டும். "மூன்று மாதம் ட்ரெய்னிங், டிப்ஸ் இல்லை" என்பதை நியாயமென்று காட்டுவது கடினம்.

---

கல்லாமேசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. 330 புள்ளிக் கணக்கை உரிமையாளருக்குக் காட்டினேன், அவருக்கு விளங்கியது. இன்னும் மூன்று விஷயம்.

கவுண்டரில் கண்ணாடிப் போத்தல் ஒன்று இருக்கிறது, ஆக்கள் காசு போடுவார்கள். அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வருமா? கணக்காளர் 'ட்ரோங்க்' (டிப்ஸை உரிமையாளர் அல்லாத ஒருவர் பிரிக்கும் தனி ஏற்பாடு) ஒன்று அமைத்தால் நேஷனல் இன்ஷூரன்ஸ் மிச்சம் என்கிறார், அது உண்மையா? வேலை செய்கிற ஒருவர் 2024 தொடக்கத்திலிருந்து தன் டிப்ஸ் கணக்கை எழுத்தில் கேட்கிறார். கொடுக்க வேண்டிய கட்டாயம் உண்டா?

---

சட்டக்கை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதற்குத்தான் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு தொழிலாளி எழுத்தில் கேட்டால் 4 வாரத்துக்குள் கணக்கைக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேட்கலாம். கொடுக்க வேண்டியவை இரண்டு: அந்தக் காலத்தில் அந்தக் கடைக்கு வந்த மொத்த டிப்ஸ், அதில் அவருக்கு ஒதுக்கிய தொகை. மற்றவர்களின் தொகையைக் கொடுக்கத் தேவையில்லை. டிப்ஸ் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆனால் அந்தக் கடமை 2024 அக்டோபர் 1 முதல்தான். அதற்கு முந்தைய ஒன்பது மாதக் கணக்கைக் கொடுக்க இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அக்டோபரிலிருந்து கவரில் கொடுத்ததற்குப் பதிவே இல்லையென்றால் இசட் ரிப்போர்ட்டையும் மணிப் பதிவையும் வைத்து இப்போதே திரும்பக் கட்டுங்கள். கார்ட் கமிஷன், தட்டு, கிளாஸ் என்று கழித்ததெல்லாம் அதில் வெளியே வரும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் சரி, சொல்லாமல் இருப்பது சரியல்ல.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? முதலில் ஏகாஸ் அமைப்பின் சமரசம், அதில் தீராவிட்டால் வேலைத் தீர்ப்பாயம். கொள்கை எழுதவில்லை, பதிவு தரவில்லை என்ற முறையீட்டுக்கு, சட்டம் 2024இல் நடப்புக்கு வந்தபோது வைத்தது 3 மாத அவகாசம். பங்கு நியாயமாக வரவில்லை, நேரத்துக்கு வரவில்லை என்பதற்கு 12 மாதம். சேர வேண்டிய டிப்ஸோடு, அதனால் ஏற்பட்ட பண இழப்புக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 பவுண்டு வரை தீர்ப்பாயம் விதிக்கலாம். "நான் கேட்கமாட்டேன்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

கண்ணாடிப் போத்தல். வாடிக்கையாளர் வெயிட்டர் கையில் தந்த காசை அவரே வைத்துக்கொள்ள விட்டுவிட்டால், கடை அதில் தலையிடாவிட்டால், அது இந்தச் சட்டத்துக்கு வெளியே. வருமான வரிக்கு அவரே கணக்குக் காட்ட வேண்டும். "கையில் தந்ததெல்லாம் போத்தலுக்குள் போட வேண்டும், கிழமைக் கடைசியில் பிரிப்போம்" என்று கடை சொன்ன உடனே அது கடையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. அப்போது 100% விதி, பதிவு, கெடு எல்லாம் அதற்கும் உண்டு. உங்களுடையது இரண்டாவது வகையாகத்தான் தெரிகிறது. இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்ட சிறு சீட்டை அன்றைய இசட் ரிப்போர்ட்டோடு குத்தி வையுங்கள்.

ட்ரோங்க் பற்றிக் கணக்காளர் சொன்னது உண்மை, ஆனால் ஒரு நிபந்தனையோடு. கடையே பிரித்துச் சம்பளப் பட்டியலில் கொடுத்தால், 160 பவுண்டு டிப்ஸில் நேஷனல் இன்ஷூரன்ஸாகத் தொழிலாளிக்கு 8% வீதம் 12.80 போகலாம், கடைக்கு 15% வீதம் 24 பவுண்டு செலவு. இது 2025 ஏப்ரல் விகிதம். கடையின் அந்த 24ஐ டிப்ஸிலிருந்து எடுக்கவும் கூடாது. விருப்பத்தின் பேரில் தரும் டிப்ஸைச் சுயேச்சையான ட்ரோங்க்மாஸ்டர் ஒருவர் பிரித்தால் இந்த இரண்டும் இல்லை. வருமான வரி மட்டும் உண்டு, அதற்கு அவர் பெயரில் தனிப் பி.ஏ.வை.ஈ (சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை) பதிவு வேண்டும்.

நிபந்தனை, 'சுயேச்சையான' என்ற சொல்தான். யாருக்கு எவ்வளவு என்று உரிமையாளரோ இயக்குநரோ முடிவு செய்யக் கூடாது. நேரடியாகவும் கூடாது, ட்ரோங்க்மாஸ்டர் காதில் சொல்லியும் கூடாது. பல இடங்களில் ட்ரோங்க்மாஸ்டர் பெயரளவுக்கு இருப்பார், எண்களை உரிமையாளர் எழுதுவார். வரித்துறை அதைக் கண்டுபிடித்தால் விலக்கு போய் நிலுவை வந்து நிற்கும். தலைமை வெயிட்டரைப் போடலாம், கிச்சன் ஆளைப் போடலாம், கணக்கு தெரிந்த வெளியாளைப் போடலாம். ஆட்களே தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. ட்ரோங்க் இருப்பதால் கடையின் பொறுப்பு முழுவதும் தீர்ந்துவிடாது. அங்கே அநியாயம் நடப்பது தெரிந்தால் தலையிட்டே ஆக வேண்டும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் 'கட்டாயம்' என்று மாற்றினால் அதற்கு வாட் விழும். இப்போது உள்ள விருப்ப வாசகத்தைத் தொடாதீர்கள்.

உங்கள் நிலையில் அவசரப்பட்டு ட்ரோங்குக்குப் போக வேண்டாம் என்பேன். முதலில் மூன்று மாதம் மணி × புள்ளி முறையைச் சம்பளப் பட்டியல் வழியாக ஓட்டுங்கள். புள்ளி எண்களில் சண்டை அடங்கிய பிறகு ட்ரோங்க் அமைத்தால், புதிதாக வருகிற ட்ரோங்க்மாஸ்டர் தலையில் பழைய சந்தேகமெல்லாம் ஏறாது.

எழுத்துக் கொள்கை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. டிப்ஸ் வழக்கமாக வருகிற கடைக்கு அது கட்டாயம். டிப்ஸை எந்தெந்த வழியில் வாங்குகிறோம், எப்படிப் பிரிக்கிறோம், எந்தக் காரணங்களால் அப்படி என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதி எல்லாருக்கும் இலவசமாகப் பிரதி கொடுக்க வேண்டும், ஏஜென்சி ஆட்களுக்கும். லீவில், சுகவீனத்தில் இருப்பவருக்கு என்ன கணக்கு என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் முதல் தகராறு அங்கேதான் வரும். தமிழிலும் ஒரு பிரதி போடுங்கள். 2025இல் வந்த வேலை உரிமைச் சட்டம் கொள்கை எழுதுமுன் தொழிலாளரோடு கலந்து பேச வேண்டும் என்றும், மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. எப்படியும் செய்ய வேண்டியதை இப்போதே செய்துவிடலாம். அடுப்படி சொன்ன 0.6, 0.8 பேச்சை அந்தக் கூட்டத்திலேயே, கே.பி. இருவரும் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

---

பேரேடு எழுதியது:

சட்டக்கை சொன்னதோடு ஒரு சில்லறை விஷயம். 330 புள்ளிக்கு மதிப்பை 3.85 என்று கீழ்நோக்கி நிறுத்தினால் 1,270.50 பவுண்டுதான் பங்காகும். 1.50 மிஞ்சும். அதை டில்லுக்குள் விடாதீர்கள். 'சென்ற கிழமை மீதி 1.50' என்று அடுத்த கிழமைச் சீட்டின் முதல் வரியில் ஏற்றுங்கள்.

சுவரில் ஒட்டும் சீட்டில் இவை இருந்தால் போதும்: கிழமையின் தேதி, சர்வீஸ் சார்ஜ், நீக்கிய சர்வீஸ் சார்ஜ், கார்ட் டிப்ஸ், போத்தல் காசு, சென்ற கிழமை மீதி, பானை மொத்தம், புள்ளி மொத்தம், ஒரு புள்ளியின் மதிப்பு, எந்தப் பே ஸ்லிப்பில் வரும் என்ற தேதி. கிச்சனில் கை கழுவும் தொட்டி அருகே ஒட்டுங்கள். ஹோலில் உள்ள நோட்டீஸ் பலகையை கே.பி. பார்ப்பதே இல்லை. தவறு இருந்தால் சொல்ல 7 நாள் என்று கீழே எழுதி, திருத்தினால் பழைய சீட்டைக் கிழிக்காமல் கோடு போட்டு அதிலேயே திருத்துங்கள்.

---

கல்லாமேசை எழுதியது:

விளங்கியது. அக்டோபர் 2024இலிருந்து இசட் ரிப்போர்ட் முழுவதும் டில்லில் இருக்கிறது, மணிப் பதிவும் இருக்கிறது. இந்தக் கிழமையே திரும்பக் கட்டத் தொடங்குகிறேன். கேட்டவருக்கு 4 வாரத்துக்குள் எழுத்தில் போய்விடும். கூட்டம் அடுத்த செவ்வாய் மாலை 4 மணிக்கு, கடை பூட்டியிருக்கும் நேரத்தில். ஹாரோ கடைக்குத் தனிச் சீட்டு.